பெங்களூருக்குப் படிக்க வரும் இலங்கை மாணவர்களே, இந்தத் தரகரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

போன வாரம் ஊரிலிருந்து ஒரு தம்பி ஒரு தொலைபேசி எண்ணை அனுப்பி, "அண்ணா, இவர் நல்லவரா?" என்று கேட்டான். பார்த்தால், அறை பிடித்துத் தருவதாக என்னை ஏமாற்றிய தரகரின் அதே எண். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து முதுகலை படிக்க 2023 ஆகஸ்டில் வந்தேன். விமான நிலையத்தில் வாயு வஜ்ரா பஸ் ஏறி மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கும்வரை காதில் விழுந்ததெல்லாம் கன்னடமும் இந்தியும்தான். இறங்கியதும், "வாருங்கள் தம்பி, சாப்பிட்டீர்களா?" என்றொரு குரல். அந்தக் கேள்வியிலேயே பாதி விழுந்துவிட்டேன். மீதிப் பாதிக்காக, தரகர் என்னை முதலில் அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் காட்டி, "இது நம் பேட்டை, இங்கே உங்களை யாரும் ஏமாற்ற முடியாது" என்றார்.

அறை வாடகை சாப்பாட்டோடு 9,000. முன்பணம் இரண்டு மாதத்துக்கு 18,000. தரகு 4,500. போதாதென்று "வெளிநாட்டவர் பதிவுச் செலவு" 6,000. ஆக 37,500 இந்திய ரூபாய். அன்றைக்கு நம் காசில் ஒன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வங்கிக் கணக்கும் உள்ளூர் சிம்மும் இல்லாதவனுக்கு யு.பி.ஐ. ஏது? எல்லாவற்றையும் தாளாக எண்ணி அவர் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "ரசீதா? நமக்குள் எதற்குத் தம்பி?" என்றார்.

அந்த 6,000தான் கண்ணி. அன்றைய விதிப்படி, 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். காலத்துக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் தங்குமிடச் சான்று வேண்டும். அன்று அதற்குப் பெயர் சி படிவம். வெளிநாட்டவரைத் தங்கவைத்தவர் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எட்டாம் நாள் கல்லூரி அலுவலகத்தில் அதன் நகலைக் கேட்டார்கள். தரகர் "நாளைக்கு" என்றார். ஒன்பதாம் நாளும் நாளைக்குத்தான்.

பத்தாம் நாள், சமையல் செய்யும் தருமபுரி அக்கா தோசை வைத்துக்கொண்டே, "திருச்சி என்று சொன்னார்களே, உங்கள் பேச்சு அப்படி இல்லையே தம்பி?" என்றார். விசாரித்தால் கதை வெளியே வந்தது. வெளிநாட்டவர் வேண்டாம், போலீஸ் காகிதமெல்லாம் தலைவலி என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருக்கிறார். அதனால் தரகர் என்னைத் திருச்சிக்காரனாக்கிவிட்டார். வீட்டுக்காரர் தெலுங்கர்; என் தமிழும் திருச்சித் தமிழும் அவருக்கு ஒன்றுதான். நான் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்றபோதெல்லாம் பக்திமான் என்று நினைத்தாரோ என்னவோ!

கடவுச்சீட்டைக் காட்டினேன். மறுநாளே காலி செய்யச் சொன்னார். அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை, கணக்கில்தான் குறை. தன் கைக்கு வந்த முன்பணம் ஒரு மாதத்துக்கு மட்டும் என்றார். அதிலும் பெயின்ட் அடிக்க 4,000 பிடித்துக்கொண்டார், பதினொரு நாள் படுத்து எழும்பிய அறைக்கு! மிஞ்சியது 5,000. தரகர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. காவல் நிலையத்தில் முதலில் கேட்டது ரசீதை.

கல்லூரியில் கெஞ்சி விருந்தினர் அறையில் ஒரு கட்டில் வாங்கினேன். அன்று மாலையே அவர்கள் சி படிவம் போட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதின்மூன்றாம் நாள் விண்ணப்பம் அனுப்பினேன். சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கும் அந்தப் பதிவு அலுவலகத்தின் படியைக்கூட நான் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் தரகரை நம்பியிருந்தால் அபராதமும் சேர்ந்திருக்கும்.

அறை பார்க்கப் போனால், தரகர் வாயைத் திறக்குமுன் கடவுச்சீட்டை வீட்டுக்காரரிடம் நீங்களே நீட்டுங்கள். படிவம் போடுவாரா என்று அவரிடமே கேளுங்கள். முன்பணம் அவர் கையில், ரசீதோடு. முதல் இரண்டு வாரத்துக்குக் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தால், சாம்பார் எவ்வளவு இனித்தாலும் அங்கேயே இருங்கள்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று அந்தத் தம்பி கேட்டான். அறையைக் காட்டுமுன் சிலையைக் காட்டுவார்.