குரங்குகள் கண்காட்சி, பசங்களோட போக வேண்டிய இடம்

மியூசியத்துல நடக்குற இந்த கண்காட்சி எனக்கு ரொம்ப புடிச்சுது. ஒராங்குட்டான் வேஷம் போட்டவர் மெதுவா வந்து கை குடுத்ததும் பசங்க ஒட்டிக்கிட்டாங்க, அப்புறம் பக்கத்துல நின்ன கைடு, தாய் ஒராங்குட்டான் ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போடும், அதனால கொஞ்சம் செத்தாலே எண்ணிக்கை திரும்ப ஏறுறது கஷ்டம்னு சொன்னப்ப அத்தன பேரும் அமைதியா கேட்டாங்க. சுமத்ராவுல இருக்குற தபானுலி ஒராங்குட்டான் 2017லதான் தனி இனம்னு அறிவிச்சாங்களாம், காட்டுல மிச்சம் 800க்கும் கம்மி, படிச்சப்ப மனசே கனத்துருச்சு. எலும்புக்கூடு பகுதி சுமார், லைட் பத்தல. இன்னொண்ணு, குரங்குக் குட்டிய வீட்ல வளர்க்குற வீடியோவுக்கு லைக் போட்டா குட்டிகள புடிச்சு விக்கிறவங்களுக்குத்தான் லாபம்னு ஒரு ஓரத்துல சின்ன போர்டு இருக்கு, அத வாசல்லயே பெருசா வெக்கணும்ங்க.