வீட்டுக் கராஜ் லிஃப்டுக்கு எந்த டிரான்ஸ்மிஷன் ஜாக்கி?

வண்டியிலிருந்து கழற்றும் கியர்பாக்ஸைத் தாங்கி இறக்குவது டிரான்ஸ்மிஷன் ஜாக்கி. அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை பவுண்டு தாங்கும் என்பது. அடுத்து, எவ்வளவு உயரம் ஏறும் என்பது. இந்த இரண்டாலும் வேலை கெடுவது அபூர்வம். அமெரிக்கா, கனடா வீடுகளில் அதிகம் கழற்றப்படும் கியர்பாக்ஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்களில் வந்த ஆட்டோமேட்டிக் 4எல்60ஈ, எண்ணெய் வடித்த பிறகு சுமார் 150 பவுண்டு. அதன் அண்ணன் 4எல்80ஈ 240 பவுண்டுக்குப் பக்கம். ஆறு கியர் மேனுவல் டி-56 ஏறத்தாழ 120. சந்தையில் கிடைக்கும் சின்ன ஜாக்கியே 450 பவுண்டு தாங்கும். டீசல் பிக்கப்பின் அலிசன் 1000 போன்ற கனமானவை 300 பவுண்டைத் தாண்டும். அதற்கு மட்டும் ஒரு படி மேலே போனால் போதும்.

வேலையைக் கெடுப்பது ஜாக்கியை முழுக்க இறக்கினாலும் மிச்சமிருக்கும் உயரம். கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதோடு வேலை முடிவதில்லை. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே உருட்டி எடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரை பத்தடி, அதாவது 305 செ.மீ. மேலே நிற்பது 190 செ.மீ. உயரமுள்ள பிக்கப். கூரையில் இடிக்காமல் 10 செ.மீ. விட்டால் வண்டியை 105 செ.மீ.தான் தூக்க முடியும். தரையில் நிற்கும்போது அதன் சேசிஸ் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால், லிஃப்டில் 150 செ.மீ. ஆகும். பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் மணி போன்ற முன்பகுதி) உச்சியிலிருந்து ஆயில் பேன் (அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு) வரை கியர்பாக்ஸ் சுமார் 45 செ.மீ. நிமிர்ந்த கம்பம் ஒன்று மேலே நீளும் ஒற்றை அடுக்குக் கம்ப ஜாக்கி முழுக்க இறங்கியும் 115–120 செ.மீ. நிற்பது சகஜம். அதன்மேல் 45 சேர்த்தால் 160 முதல் 165. வழியோ 150தான். போல்ட்டெல்லாம் கழன்ற கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். வெளியே மட்டும் வராது. கம்பம் ஒன்றுக்குள் ஒன்றாக மடியும் இரண்டு அடுக்கு ஜாக்கி 88 செ.மீ. வரை இறங்கினால் மொத்தம் 133. தாராளமாக வெளியே வரும். அதே கராஜில் 145 செ.மீ. உயரக் கார் என்றால் ஒற்றை அடுக்கும் ஒருவேளை ஒப்பேற்றிவிடும். ஆகவே வாங்கும் முன் உங்கள் கூரையையும், கராஜுக்குள் வரப்போகும் மிக உயரமான வண்டியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கம்ப ஜாக்கி

நின்றபடி வேலை செய்யலாம். இரண்டு தூண் லிஃப்ட்டும் பத்தடிக்குக் குறையாத கூரையும் இருந்தால் இதில் இரண்டு அடுக்கு வகையை வாங்குங்கள். ஒற்றை அடுக்கு விலை குறைவு, கம்பம் ஆடுவதும் கொஞ்சம் குறைவு. ஆனால் வீட்டில் கூரை உயரம் கையிருப்பு இல்லாத சரக்கு. இரண்டு அடுக்கில் ஒரு குணம் உண்டு: முதல் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் லேசாகக் குதிக்கும். பெல் ஹவுசிங் இன்ஜினோடு சேரும் உயரம் சரியாக அந்த இடத்தில் விழுந்தால் எரிச்சல்தான். லிஃப்டை ஒரு லாக் (பூட்டுப் படி) மேலேயோ கீழேயோ மாற்றி வைத்தால் தப்பிக்கலாம்.

தலைப்பகுதியைக் கவனியுங்கள். மலிவான கம்ப ஜாக்கிகளில் நான்கு விரல் கொண்ட நிலையான தட்டு மட்டும் வரும். முன் இன்ஜின் பின்சக்கர வண்டியில், கிராஸ் மெம்பரை (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை) கழற்றியதும் இன்ஜின் பின்புறமாகச் சாயும். கியர்பாக்ஸும் அதே சாய்வில்தான் பிரியும், அதே சாய்வில்தான் சேரும். முன்பின் சாய்க்கும் திருகு இல்லாத தலையில் அந்தக் கோணத்தை மரத்துண்டு செருகித்தான் பிடிக்க வேண்டும். அரை மணி வேலை மூன்று மணி ஆகும். இன்ஜின் மேலும் சாயாமலிருக்க அதற்கும் தனியாக ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இறக்கும் வால்வைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். காலை எடுத்ததும் தானாக மூடும் பெடல் நல்லது. கைப்பிடி திருகும் வகையில் கால் சுற்றிலேயே சடாரென்று விழும் ஜாக்கிகள் உண்டு. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை ஏற்றி இறக்கிப் பார்த்தால் குணம் தெரிந்துவிடும்.

தாழ்வான தரை ஜாக்கி

சுமார் 20 செ.மீ.யில் தொடங்கி 60 முதல் 90 வரை ஏறும். கத்தரிக்கோல் போல மடியும் அமைப்பு, அகலமான அடி, முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் திருகுகள். உட்கார்ந்தோ குனிந்தோ வேலை செய்ய வேண்டும், அது மட்டும்தான் குறை. எட்டு, ஒன்பதடிக் கூரைக்கும், இடுப்பளவு மட்டும் ஏறும் லிஃப்டுக்கும் இதுவே சரி. நடுவில் கத்தரி அமைப்பு வரும் லிஃப்ட் என்றால், ஜாக்கி நுழைய அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு நேர் கீழே லிஃப்டின் கை மடிந்து கிடக்கும்.

லிஃப்ட் இருக்கும்போது ஜாக்கி மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. கியர்பாக்ஸைத் தாழ்வான ஜாக்கியில் இறக்கி, கேபிள், குழாய், ஒயர் எதுவும் ஒட்டிக்கொண்டில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டியை மேலே தூக்கினால் போதும். ஜாக்கி கீழேயே நிற்கும், வழி தானாகக் கிடைக்கும்.

சாதாரண ஜாக்கியின் மேல் தட்டு

இருக்கிற தரை ஜாக்கியின் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டும் தட்டு. விலை மிகக் குறைவு. ஆனால் தரை ஜாக்கியின் கை நேராக ஏறாது. வில் போல வளைந்து ஏறும். ஏற ஏறத் தட்டு முன்பின் நகரும், அதற்கேற்ப ஜாக்கி தானே உருள வேண்டும். தரையில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் சக்கரம் நின்றுவிடும், கியர்பாக்ஸ் சாயும். தட்டின் உயரமும் 10 செ.மீ.க்கு மேல் கூடும். தண்டு துளையில் ஆடினால் வாங்கவே வேண்டாம். ஸ்டாண்டில் நிறுத்திய வண்டிக்கு ஒரே ஒரு முறை மேனுவல் கியர்பாக்ஸ் இறக்க இது ஆகும். லிஃப்டோடு ஜோடி சேராது.

ஹைட்ராலிக் மேசை வண்டி

பலர் யோசிக்காத தேர்வு. கிடங்குகளில் சாமான் ஏற்றும் 500 பவுண்டு மேசை, 30 முதல் 70 செ.மீ. வரை ஏறும். முன்சக்கர வண்டிகளில் கியர்பாக்ஸை இன்ஜினோடும் சப்ஃப்ரேமோடும் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சட்டம்) சேர்த்து இறக்க இதைவிட நிதானமான சாதனம் கிடையாது; இன்ஜினும் சேரும்போது 1000 பவுண்டு மேசை எடுங்கள். சாய்க்க முடியாது என்பதால் கியர்பாக்ஸை மட்டும் தனியாகச் சேர்ப்பது சிரமம்.

காற்றில் இயங்கும் வகை வேகமானதுதான், ஆனால் கடைசி ஒரு செ.மீ.யில் துள்ளும். கால் பம்பும் கூடவே இருந்தால் மட்டும் வாங்கலாம்.

எதை வாங்கினாலும்

கூட வரும் சங்கிலியைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு அங்குல ராட்செட் பெல்ட் இரண்டு கட்டுங்கள். தட்டு ஆயில் பேனின் நடுவில் அழுத்தினால் மெல்லிய தகடு உள்வாங்கி ஃபில்டரில் முட்டும். விளிம்பு தாங்கும்படி பலகை வையுங்கள். வால்பக்கம் தாழ்ந்தால் மிச்ச எண்ணெய் கொட்டும், பழைய யோக் (வால்துளையில் நுழையும் டிரைவ் ஷாஃப்ட் முனை) ஒன்றைச் செருகி வையுங்கள். எல்லா வகையிலும் ஒரு எச்சரிக்கை: பம்ப் அடிக்கும் வேகத்தில் வண்டியே லிஃப்டின் கையை விட்டு எழும்பக்கூடும். தட்டு தொட்டதும் நிறுத்தி, ரப்பர் பேட்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

திரும்பச் சேர்க்கும்போது தலை ஒன்றிரண்டு செ.மீ. பக்கவாட்டில் ஓடுவதாகப் பலரும் குறைபடுவார்கள். காரணம் சுழலும் சக்கரங்கள். பின்னால் இழுத்துவிட்டு முன்னால் தள்ளும்போது ஒவ்வொரு சக்கரமும் அரைச் சுற்று திரும்பும். ஆகவே கடைசி நேர்ப்படுத்தலுக்கு முன் அரை அடி பின்னே இழுத்து, முன்னே தள்ளி, சக்கரங்கள் போக வேண்டிய திசைக்குத் திரும்பிய பிறகு உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

இடைவெளி மிச்சமிருக்கும்போது போல்ட்டால் இழுக்காதீர்கள். மேனுவலில் பெல் ஹவுசிங்கின் காது உடையும். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உருளை) கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்புக்குள் முழுக்க உட்காராமல் இருந்தால் பம்ப் நொறுங்கும். உட்காரும்போது இரண்டு மூன்று முறை டொக் என்று உள்ளே விழும். ஜிஎம் கியர்பாக்ஸ்களில் பெல் ஹவுசிங் முழுதாகச் சேர்ந்த பிறகு கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் பக்கம் அது போல்ட்டில் சேரும் தட்டு) இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருந்து, அது கையாலேயே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஜாக்கியை அப்படியே பின்னே இழுத்து மறுபடியும் தொடங்குங்கள்.