கலை இதழியல் கற்க: சென்னை வகுப்பறையா, வட ஆர்க்காட்டுக் கூத்துக்களமா?

வேலூரில் பட்டம் முடித்துக் கலை இதழியல் பயில விரும்புபவர்முன் இரு வழிகள் உள்ளன: சென்னை ஆசிய இதழியல் கல்லூரி போன்றதோர் இடத்தில் முதுநிலைப் பட்டயம் பெறுவது, அல்லது ஊரிலிருந்தபடியே கூத்து போன்ற கலைகளைப் பார்த்து யூடியூபிலும் வலைப்பதிவிலும் பதிவிட்டுப் பழகுவது.

கல்லூரி வழி செலவு மிக்கது. ஆயினும் செய்தியைச் சரிபார்க்கும் ஒழுங்கும் துறைத் தொடர்புகளும் அங்கே வாய்க்கும். நாளிதழ்களில் கலை விமர்சனத்துக்கான இடம் சுருங்கிவிட்ட நிலையில், வேலையை மட்டும் நம்பிச் சேர்வது சரியன்று.

ஊர் வழியின் செல்வம் வேறு. 1989-இல், வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, தெருக்கூத்துக்குப் பேர்பெற்ற புரிசைக் கிராமம் திருவண்ணாமலைப் பக்கம் போனது. கூத்து எந்நாளும் மாவட்ட எல்லை பார்த்ததில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய அமர்ந்து, கொட்டகையில் அரிதாரம் பூசிப் புஜக்கட்டை என்னும் தோளணி கட்டப்படுவதையும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முதலில் நுழைந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பதையும், திரைக்குப் பின்னிருந்து வேடதாரி பாடிக்கொண்டே வெளிப்படுவதையும், முகவீணை என்னும் சிறு ஊதுகுழலின் கூரிய ஒலியையும் குறித்துக்கொள்பவர் பெறும் பயிற்சி பாடத்திட்டத்தில் கிடைக்காது. (கைப்பேசியில் படம்பிடிப்பதிலேயே முனைந்தால் அதுவும் கிடைக்காது.)

என் சாய்வு ஊர்ப்பக்கமே; எனினும் அங்கே எழுதியதைத் திருத்தித் தர ஆசிரியர் இல்லை என்பது பெருங்குறை. ஆதலால், ஒரு திருவிழாப் பருவம் முழுவதும் கூத்துப் பார்த்து எழுதிய கட்டுரைகளோடு கல்லூரிக்கு விண்ணப்பிப்பதையே பரிந்துரைப்பேன்.