சீக்குக் கோழி போட்டோ

ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர் படம் கேட்டார்கள். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தேன். எட்டுப் படம் 120 ரூபாய். பத்தே நிமிடத்தில் வெட்டி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வேகத்தில் குறையே இல்லை.

முகம்தான் என்னுடையதாக இல்லை. கன்னமெல்லாம் ஒரு பச்சை, உதடு வெளிறி, கண்ணுக்குக் கீழே இரண்டு குழி. பாளையங்கோட்டைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுத்த நிமிடம் அம்மா போன்: "என்னல, சீக்குக் கோழி மாதிரி இருக்க? ஒழுங்காச் சாப்பிடுதியா?"

அலுவலக அடையாள அட்டைக்கும் அதே படத்தை ஏற்றியிருந்தேன், என் புத்தி. லண்டனில் இருக்கும் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "பீக்கியாகத் தெரிகிறாயே" என்றார். சில்க் போர்டு சந்திப்பின் 'பீக் அவர்' நெரிசலில் மாட்டிய களைப்பைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவர் சொன்னது அந்த பீக் இல்லையாம். வாடி மெலிவதற்கு ஆங்கிலத்தில் 'பீக்' என்று ஒரு பழைய வினை உண்டு. ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தில் சூனியக்காரி ஒரு மாலுமியைச் சபிக்கும்போது அதைத்தான் சொல்கிறாள். அமெரிக்கர்கள் இதையே 'பீக்கிட்' என்று இரண்டு அசையாக இழுப்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை யாரும் பீக்கி என்பதில்லை. ராத்திரி தூங்காமல், லேசாகக் காய்ச்சலடித்து, முகம் வெளுத்துப்போய் வந்து நிற்பவரிடம் அக்கறையாகக் கேட்பது அது. நம் நோஞ்சான் வேறு. உடம்புவாகே அப்படி என்றால்தான் நோஞ்சான். அம்மாவின் சீக்குக் கோழிதான் கிட்டத்தட்ட பொருந்துகிறது. அந்தச் சீக்கும் ஆங்கில 'சிக்' என்று அம்மாவிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருகிறேன். திரும்பப் போய்க் கேட்டேன். "சார், உங்க ஸ்கின் டோனே அப்படித்தான்" என்றான் கேமராப் பையன். தலைக்கு மேலே டியூப்லைட், கேமராவில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு, அதற்கேற்ப வைக்கவில்லை. அப்படி எடுத்தால் யார் முகமும் பச்சையடிக்கும். என் தோலைக் குற்றம் சொன்னால் எப்படி? மறுபடி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள், பணமும் போச்சு.

அப்புறம் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் கடையில் எடுத்தேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஃப்ளாஷ் வைத்தார். 150 ரூபாய், அரை மணி நேரம் காத்திருந்தேன். என் கறுப்பு கறுப்பாகவே வந்தது.

முதல் கடையில் லேமினேஷன் சுத்தமாகச் செய்கிறார்கள். அதற்கு மட்டும் போவேன்.