ரைடிங் மோவர்: பல சீசன் ஓட்டிய பிறகு ஸ்டீயரிங், பிரேக் நிலவரம்

அட்லாண்டாவுக்கு வடக்கே, ஒரு ஏக்கர் சரிவான இடம். பல சீசனாக ஒரே ஹைட்ரோஸ்டேட்டிக் (கியர் மாற்றாமல், ஆயில் அழுத்தத்தில் ஓடும்) ரைடிங் மோவர்தான், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிதான், புல் வெட்டுகிறது. எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆயில் மாற்றினால் ஓடுகிறது. வேலை வைப்பதெல்லாம் ஸ்டீயரிங்தான்.

வீலைக் கால் சுற்று திருப்பியும் முன்சக்கரம் அசையவில்லை என்றால், எல்லாரும் முதலில் ஸ்டீயரிங் கியரைத்தான் சந்தேகிப்பார்கள். நான் சக்கரத்திலிருந்து தொடங்குவேன். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். கடகடவென்று ஆடினால் சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும் குழாய் போன்ற புஷ் போச்சு. பிளாஸ்டிக் புஷ்தானே, மண்ணும் தூசியும் சேர்ந்து அரைத்துவிடும். ஆக்சிலை அளந்து பார்த்து, உள்விட்டம் முக்கால் அங்குலம் உள்ள பால் பேரிங் போட்டேன். அதன்பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, சக்கரம் திரும்பும் ஸ்பிண்டில். அங்கே இருக்கும் கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் முதலில் மணல் கலந்த கறுப்புக் குழம்பு வரும். சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது.

இதற்குப் பிறகும் ஸ்டீயரிங்கில் பிளே (வெற்று ஆட்டம்) இருந்தால்தான் அடியில் படுத்து செக்டர் கியரைப் பார்ப்பேன். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும், ஓரத்தில் பற்கள் உள்ள அரைவட்டத் தகடு அது. பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் நடுப்பற்கள் மட்டும் கூராகத் தேய்ந்திருக்கும், ஓரத்துப் பற்கள் புதிதுபோலவே இருக்கும். மாற்றும்போது அதோடு கடிக்கும் பினியன் என்ற சின்ன பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பினியன் புதுப் பற்களையும் தின்றுவிடும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஸ்பேனரை எடுக்குமுன் இரண்டு டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் சங்கதி வேறு. ஹைட்ரோஸ்டேட்டிக்கில் பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும். அதனால் பிரேக் தேய்ந்தது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. என் சோதனை இதுதான்: சமதரையில் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, டிரைவிலிருந்து சக்கரத்தை விடுவிக்கும் ஃப்ரீவீல் லீவரை இழுத்துவிட்டு வண்டியைத் தள்ளுவேன். பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். உருண்டால் பிரேக் பிடிக்கவில்லை. இதைச் சரிவில் செய்யாதீர்கள், அந்த லீவரை இழுத்துவிட்டால் வண்டியைத் தாங்க பிரேக்கைத் தவிர வேறெதுவும் இல்லை.

என் வண்டியில் டிரான்ஸ்ஆக்சிலுக்கு (பின்சக்கரங்களைச் சுழற்றும் பெட்டி) வெளியே ஒரு சின்ன டிஸ்க், கட்டைவிரல் அளவில் இரண்டு பேட். பிரேக்கை விடுவித்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்து 0.015 அங்குல இடைவெளிக்கு நட்டை இறுக்கி, நட்டு கழலாமல் காட்டர் பின் போட்டால் முடிந்தது. உங்கள் மாடலுக்குரிய அளவை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பிரேக் உள்ளே ஆயிலில் இருக்கும், அங்கே இந்த வேலையே கிடையாது. வெளியே லீவர் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும்தான்.

பேட் இரண்டும் இன்னும் ஒரு சீசன் வரும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் இடது டை ராட் முனைதான் லேசாக ஆடத் தொடங்கியிருக்கிறது, மார்ச் வருவதற்குள் மாற்ற வேண்டும்.