அம்மாவின் தடுமாற்றத்துக்குப் பயிற்சியா, மூளைக்குக் கரண்டா?

போன ஐப்பசி மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அம்மா வழுக்கி விழுந்தார். 73 வயது. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து சுவரைத் தடவித் தடவித்தான் நடை. விழுந்ததைவிட அந்தப் பயம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. நடக்கப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடையில் வலு போய்விடும், அப்புறம் மறுபடி விழ வேண்டியதுதான்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: வீட்டுக்கு வந்து பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் சமநிலைப் பயிற்சி, இல்லையென்றால் ஒரு கிளினிக்கில் சொன்ன மூளை மின்தூண்டல்.

மின்தூண்டல் என்றதும் பயப்பட வேண்டாம். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்துக் கட்டி, 2 மில்லி ஆம்பியர் வரை மெல்லிய மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்துகிறார்கள். சிலருக்கு அந்த இடத்தில் அரிக்கும். குறி, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி. நடந்துகொண்டே பேசுவதுபோல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய அந்தப் பகுதிதான் உதவும், அதைத் தூண்டினால் தடுமாற்றம் குறையலாம் என்றார்கள் கிளினிக்கில். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்களே பின்னால் அதிகம் விழுந்தார்கள் என்று 1997-இல் ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. அம்மாவும் அப்படித்தான். "காபி போடவா?" என்றால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி. அதனால் கிளினிக்கில் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. மனக்கணக்குப் போட்டபடி நிற்கும் முதியவர்களின் உடல் ஆட்டம் மின்தூண்டலுக்குப் பின் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் ஆட்டம் குறைவது வேறு, வீட்டில் விழாமல் இருப்பது வேறு.

பயிற்சிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. 100-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டி காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பயிற்சி செய்தவர்கள் விழும் தடவை சுமார் 23 விழுக்காடு குறைந்தது. வெறும் வாக்கிங்குக்கு அந்தப் பலன் உறுதியாகத் தெரியவில்லை. சமநிலையைச் சோதிக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லித் தந்தது, நியூசிலாந்தின் ஒடாகோவில் உருவான முறையை ஒட்டியது: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது, கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டுவது. வாரத்துக்கு மூன்று நாள், அரைமணி நேரம்.

சரி, எதை வைத்து முடிவெடுத்தேன்? மூன்று மாதம் கழித்து எது வீட்டில் மிஞ்சும் என்பதை வைத்துத்தான். இரண்டுமே விட்டால் போய்விடும். ஆனால் மின்தூண்டலைத் தொடர ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்து, நான் லீவு போட்டு, கிளினிக் மாடி ஏற வேண்டும். விழாமல் இருக்கச் செய்யும் சிகிச்சைக்கு அந்த மாடிப்படியில் ஏறி இறங்குவதே எனக்குக் கலக்கமாக இருந்தது. பயிற்சிக்குச் சமையல் மேடை போதும். முதலில் அம்மா இரண்டு கையாலும் மேடையைப் பிடித்தபடி, "கையை விட்டா விழுந்துடுவேன்டா" என்றார். ஆறாவது வாரம் ஒரு விரல் மட்டும் தொட்டிருந்தது. இப்போது அடுப்பில் வைத்த பால் பொங்கும்வரை குதிகாலைத் தூக்கி நிற்கிறார். இரண்டு தடவை பால் வழிந்ததுதான் செலவு.

இதிலும் சறுக்கல் உண்டு. தை மாதம் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் விட்டுப்போனதில் மறுபடி இரண்டு கைக்கே திரும்பினார். அந்தப் பெண் வருவதை நிறுத்தியிருந்தால் அத்தோடு விட்டிருப்போம், ஒத்துக்கொள்கிறேன்.

மின்தூண்டலை அம்மாவுக்குச் செய்து பார்க்கவில்லை, வேறொருவருக்குச் செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். பக்கவாதமோ பார்க்கின்சனோ உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, அதை நரம்பியல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அம்மா இன்னும் பேச்சுக் கொடுத்தால் நின்றுதான் பதில் சொல்கிறார். அதனால் இப்போது மேடையருகே நிற்கும்போதே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லியிருக்கிறார் பிசியோ பெண். எண்பத்தெட்டு வந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது.