பைசைட்6-இல் ஐகான்: புரோகிராமுக்குள் அருமை, வெளியே நம் பொறுப்பு

திருப்பூரில் தையல் யூனிட்டுகளுக்கும், செக்கிங் பேக்கிங் எடுத்துச் செய்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் டெஸ்க்டாப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். பீஸ் கணக்கு, டெலிவரி சலான், வாரச் சம்பளம், இவ்வளவுதான் அதில் இருக்கும். பைத்தானில் எழுதுகிறேன். திரையில் ஜன்னல், பட்டன் எல்லாம் காட்டக் கியூட்டி என்கிற தொகுப்பு; அதைப் பைத்தானில் பயன்படுத்தத் தருவதுதான் பைசைட்6. கியூட்டி முழுவதையும் இங்கே அலசப் போவதில்லை. ஐகானை ஏற்றுவது, நிறுவுவது என்கிற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பலர் இதைக் கடைசி நாள் வேலையாகத் தள்ளி வைப்பார்கள். எங்கள் ஊர் யூனிட்டுகளில் அப்படித் தள்ள முடியாது.

காரணம் எளிது. ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்குள் போனால் நம் ஊர் ஆட்களோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள். பட்டனில் தமிழில் எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் எழுதினால் மீதிப் பேருக்கு. படம் மட்டும்தான் எல்லோருக்கும் பொது. இங்கே எந்தத் தட்டியைப் பார்த்தாலும் ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை’ என்றுதான் இருக்கும். அந்த மூன்று வகைத் தையல் மிஷினுக்கும் திரையில் மூன்று பட்டன், அப்புறம் காஜா, பட்டன் தைப்பது, கைமடி, செக்கிங், அயர்ன் ஆகியவற்றுக்கும். தவறான பட்டனைத் தொட்டால் சனிக்கிழமை ஒருவருடைய சம்பளம் குறையும். அதனால் ஐகான் தெளிவாக இருப்பதை நான் அலங்காரமாகப் பார்ப்பதே இல்லை.

முதலில் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷினை வரைந்தால் 24 பிக்ஸலில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மிஷினை விட்டுவிட்டுத் தையலை வரைய வேண்டும். சிங்கருக்கு ஒரே நேர்க்கோட்டில் விட்டு விட்டு வரும் தையல். ஓவர்லாக்குக்குத் துணியின் ஓரத்தைச் சுற்றி வளைகிற நூல். பேட்லாக்குக்கு இரண்டு இணைகோடு, நடுவில் பின்னல். லைன் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் பார்த்த உடனே விரல் வைத்து மூன்றையும் சொல்லிவிட்டார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோடு இரண்டு பிக்ஸலுக்கு நடுவே விழுந்தால் இரண்டுமே அரைச் சாயம் பூசியதுபோல மங்கிவிடும். இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் பிக்ஸல் கட்டத்தைப் போட்டுக்கொண்டு, கோட்டின் விளிம்பைக் கட்டத்தின் மேலேயே நிறுத்தி வரைந்தால் கூர்மையாக வரும். பெரிய படத்தை அப்படியே சுருக்குவதைவிடச் சின்ன அளவுக்குத் தனியாக வரைவதுதான் நல்லது.

இனி கியூட்டிக்கு வருவோம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கியூஐகான் என்கிற வகுப்பு. ஒரே ஐகானுக்குள் 24, 32, 48, 64 என்று பல அளவுப் படங்களைச் சேர்த்து வைத்துவிடலாம். எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். கேட்ட அளவு இல்லையென்றால் பெரியதைச் சுருக்கித் தரும். பட்டன் செயலிழந்த நிலையில் இருந்தால் சாம்பல் படத்தையும் அதுவே உண்டாக்கும். விருப்பமிருந்தால் அந்த நிலைக்கு நாமே தனிப் படம் கொடுக்கலாம். திரை இரட்டிப்பு அடர்த்தி என்றால், கோப்பின் பெயரோடு ‘@2எக்ஸ்’ என்று ஒட்டிய படம் பக்கத்தில் இருக்கிறதா என்று தானே தேடிப் பார்க்கும். இதையெல்லாம் நாம் கையால் எழுதப் போனால் வேறு வேலையே ஓடாது.

பைத்தானோடு வரும் இன்னொரு திரைத் தொகுப்பான டிகின்டரிலும் நான் எழுதியிருக்கிறேன். அங்கே படத்தை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடும், பட்டன் வெறுமையாக நிற்கும். அதன் அடித்தளமான டிகே, 8.6 பதிப்பு வரை, கோடுகளாகவே சேமிக்கப்படும் எஸ்விஜி படத்தையும் நேரடியாகப் படிக்காது. கியூட்டியில் இந்த இரண்டு தலைவலியும் இல்லை.

அடுத்தது, படங்களைப் புரோகிராமுக்குள்ளேயே பொதிந்து வைக்கும் ரிசோர்ஸ் வசதி. நான் பைசைடைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு யூனிட் முதலாளி, வேறொருவர் முன்பு எழுதிக் கொடுத்த புரோகிராமைக் காட்டி என்னிடம் கேட்டார்:

“ஏனுங்க அம்மணி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எல்லாப் படமும் வருதுங்க. பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர்ல போட்டா வெறும் கட்டமாத்தான் இருக்குதுங்க. என்னன்னு பாருங்களேன்.”

பார்த்தால், புரோகிராம் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய் ஒட்டியிருக்கிறார். படங்கள் இருந்த ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. “ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கோணுமுங்கண்ணா” என்று சொல்லலாம்தான். ஆனால் அது அவர் வேலை இல்லையே. கியூட்டியில் படங்களின் பட்டியலை ஒரு கியூஆர்சி கோப்பில் எழுதி, ‘பைசைட்6-ஆர்சிசி’ என்கிற கருவியை ஓட்டினால், எல்லாப் படமும் ஒரே பைத்தான் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை இறக்குமதி செய்துவிட்டு, பாதையின் முன்னால் ஒரு முக்காற்புள்ளி போட்டு அழைத்தால் போதும். எந்த ஃபோல்டரிலிருந்து ஓடினாலும், ஷார்ட்கட்டில் தொடக்க ஃபோல்டர் என்னவாக இருந்தாலும் படம் வரும். பைத்தான் புரோகிராமை எக்ஸி கோப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் கட்டும்போதும் படங்களைத் தனியாகச் சேர்க்கச் சொல்லத் தேவையில்லை.

சரி, குறை என்ன? பெரிய குறை ஒன்று உண்டு. படம் கிடைக்காவிட்டால் கியூஐகான் வாயே திறக்காது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிழை வராது, பெரும்பாலும் எச்சரிக்கையும் வராது, வெற்றுப் பட்டன்தான் வரும். ஐகான் காலியா என்று ‘ஈஸ்நல்’ மூலம் கேட்டுப் பார்த்தாலும் ‘காலி இல்லை’ என்றே பதில் சொல்லக்கூடும். காலி இல்லாத ஐகானாலும் சரியான படத்தை உண்டாக்க முடியாமல் போகலாம். ஆவணத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனாலும் சரியில்லை. சரிபார்க்க நம்பகமான வழி, ஐகானிடம் 24-க்கு 24 பிக்ஸ்மேப் (திரையில் வரையத் தயாரான படம்) ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தப் பிக்ஸ்மேப் காலியா என்று பார்ப்பது. என் புரோகிராம் தொடங்கும்போதே எல்லா ஐகானுக்கும் இந்தச் சோதனை ஓடும். ஒன்று குறைந்தாலும் லாக் கோப்பில் பெயரோடு பதிவாகும். பைசைடில் எழுதுகிற எல்லோரும் இந்த நாலு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எஸ்விஜியிலும் ஒரு எல்லை இருக்கிறது. விண்டோஸில் திரை அளவை 125 சதவீதம் வைத்திருந்தால் 24 பிக்ஸல் ஐகான் 30 பிக்ஸலில் வரைய வேண்டியதாகிறது. பிக்ஸல்களாலான பிஎன்ஜி படம் என்றால் இழுபட்டு மங்கும், எஸ்விஜி என்றால் அந்த அளவுக்கே புதிதாக வரையப்படும். அதனால் சேமி, அச்சிடு, தேடு போன்ற பொதுவான ஐகான்களுக்கு எஸ்விஜிதான் வைக்கிறேன். ஆனால் கியூட்டியின் எஸ்விஜி ஆதரவு அடிப்படையில் எஸ்விஜியின் சுருக்கப் பதிப்பான எஸ்விஜி டைனி 1.2 அளவுக்கானது. இங்க்ஸ்கேப்பில் மங்கல் விளைவு, கிளிப் என்று அழகு சேர்த்தால் அது அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். ‘பிளெய்ன் எஸ்விஜி’யாகச் சேமியுங்கள். ஐகானுக்குள் தமிழ் எழுத்து இருந்தால் அதை முதலிலேயே பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்தே வேறு மாதிரி வந்து நிற்கும். இன்னொன்று, சைஸைக் குறைக்கிறேன் என்று பிளகின் ஃபோல்டரிலிருந்து எஸ்விஜி சம்பந்தப்பட்ட கோப்பைத் தூக்கிவிடாதீர்கள். எஸ்விஜி ஐகான் அத்தனையும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

‘ஃப்ரம்தீம்’ என்கிற வசதி லினக்ஸில் சுகம். ‘டாக்குமென்ட்-சேவ்’ என்று பெயரைச் சொன்னால் அந்த டெஸ்க்டாப்பின் தீமிலிருந்தே ஐகான் வரும். விண்டோஸில் ரொம்ப நாள் ஒன்றுமே வராமல் இருந்தது. கியூட்டி 6.7-லிருந்து விண்டோஸின் சொந்த ஐகான் எழுத்துருவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அப்படியும் இரண்டாவது மதிப்பாக நம் ரிசோர்ஸ் ஐகானைக் கொடுத்துவிடுவது நல்லது. தீமில் இல்லையென்றால் அது வந்து நிற்கும்.

இதுவரை சொன்னது புரோகிராமுக்குள் நடப்பது. டாஸ்க்பார், டெஸ்க்டாப் ஷார்ட்கட், மெனு ஆகிய மூன்றும் கியூட்டியின் கையில் முழுவதும் இல்லை. இங்கே நம் உழைப்பு வேண்டும்.

விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் காட்டுவது எக்ஸி கோப்புக்குள் பதிந்திருக்கும் ஐகான். கியூட்டியில் ஜன்னலுக்குக் கொடுத்த ஐகானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பைஇன்ஸ்டாலரில் ஐகோ கோப்பை, அதாவது விண்டோஸின் ஐகான் கோப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த ஒரே கோப்புக்குள் 16, 24, 32, 48, 256 ஆகிய அளவுகள் இருக்கட்டும். 256 மட்டும் வைத்துவிட்டால் சின்ன இடங்களில் சுருங்கிக் குழம்பித் தெரியும். பைத்தானிலிருந்து நேரடியாக ஓட்டினால் டாஸ்க்பாரில் பைத்தானின் ஐகான் வருவது விண்டோஸின் வழக்கம். ஆப் யூசர் மாடல் ஐடி என்கிற அடையாளத்தைத் தொடக்கத்திலேயே அமைத்தால் நம் ஐகான் வரும். புது ஐகானோடு அப்டேட் போட்ட பிறகும் பழையதே தெரிந்தால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் ஐகான்களை ஒரு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்து வைத்திருக்கிறது. நிறுவுவதற்கு நான் இன்னோ செட்டப் பயன்படுத்துகிறேன். ஷார்ட்கட், நீக்கும் பட்டியலில் வரும் ஐகான் எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் எழுதிவிடலாம். அது தனி மதிப்புரைக்கு உரிய கருவி.

ஒரு அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு ஓடுகிறது. அங்கே பாடம் வேறு. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் வேலேண்டில், ஜன்னலின் ஐகானைப் பெரும்பாலும் டெஸ்க்டாப் கோப்பிலிருந்துதான் (புரோகிராமை மெனுவுக்கு அறிமுகப்படுத்தும் சிறு கோப்பு) எடுக்கிறார்கள். கோடில் ஐகான் கொடுத்திருந்தாலும் பொதுவான பல்சக்கரப் படம் போன்ற ஏதோ ஒன்று வந்து நிற்கும். ‘செட்டெஸ்க்டாப்ஃபைல்நேம்’ என்று அழைத்து, பின்னொட்டு இல்லாமல் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் துளியும் மாறக் கூடாது. ஐகானை ‘ஹைகலர்’ தீம் ஃபோல்டருக்குள், 48-க்கு 48 என்றால் அந்த அளவு ஃபோல்டரின் ‘ஆப்ஸ்’ பகுதியில், எஸ்விஜி என்றால் ‘ஸ்கேலபிள்’ பகுதியில் வைக்க வேண்டும். எந்தத் தீமில் தேடிக் கிடைக்காவிட்டாலும் கடைசியில் ஹைகலரில் தேடுவது என்பது லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொதுவான ஃப்ரீடெஸ்க்டாப் விதி, அதனால் அங்கே வைத்தால் போதும். டெஸ்க்டாப் கோப்பில் ஐகானின் பெயரை மட்டும் எழுதுங்கள், பின்னொட்டு வேண்டாம். வைத்த பிறகும் மெனுவில் தெரியவில்லையென்றால் ஹைகலர் ஃபோல்டரின் நேரத்தை ‘டச்’ கட்டளையால் புதுப்பித்து, ஐகான் கேஷையும் புதுப்பிக்க வேண்டும்.

விலை? எல்ஜிபிஎல் என்கிற திறமூல உரிமத்தில் இலவசம், அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். வணிக உரிமமும் தனியாக விற்கிறார்கள். என் கணக்கில் ஏற்றும் வசதிக்கு ஐந்துக்கு நாலரை. அந்த அரை போனது வாய் திறக்காத கியூஐகானால்தான். நிறுவும் பக்கத்துக்கு மூன்று கொடுக்கலாம், அதுவும் கியூட்டியின் தவறு என்பதைவிட ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு திசையில் இழுப்பதால். கோப்பு கிடைக்காதபோது ஒரே ஒரு எச்சரிக்கை வரியைக் கன்சோலில் எழுதும் தேர்வைச் சேர்த்துவிட்டால், ஏற்றும் பக்கத்துக்கு முழு ஐந்தும் கொடுக்க நான் தயார்.